படிவத்தில் இருபத்தேழாவது கட்டம்

போன மாதம் பிரியா போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு எங்கள் கடையில் வேலைக்குச் சேர்ந்தவள். இங்கே நியூ ஜெர்சியில், எடிசனில் பிறந்து வளர்ந்தவள். நாம் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள். அன்று அவளே தமிழில் ஆரம்பித்ததால், என்னால் ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஆர்டர் படிவத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். ஜப்பானியச் சொற்களை எல்லாம் எடுத்துவிட்டு இங்கிலீஷில் போடப் போகிறார்களாம். டோக்கியோவிலிருந்து வந்த மூலப் படிவத்தில் இருபத்தாறு கட்டங்கள். எங்கள் நியூ ஜெர்சி கடைப் படிவத்தில் மட்டும் இருபத்தேழு.

"அங்கிள், லாஸ்ட் பாக்ஸ்ல 'அபுரா'ன்னு இருக்கு. டிக்‌ஷனரில ஆயில்னு போட்டிருக்கு. வாட் ஆயில்? வேற எந்த பிராஞ்ச்லயும் இல்ல. டெலீட் பண்ணிடவா?"

வேண்டாம், இருக்கட்டும் என்றேன். ஏன் என்று கேட்டாள். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். பால் எதுவும் வைத்திருக்கவில்லை. அதன்பின் இரண்டு முறை அவள் கூப்பிட்டாள், இரண்டு முறையும் நான் எடுக்கவில்லை. இது அவளுக்கு நான் சொல்லவேண்டிய பதில். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. அவள் அம்மா படித்துக் காட்டட்டும். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான்.

நான் வேலை பார்த்தது, தலையில் முடி இழந்தவர்களுக்கு முடி செய்து கொடுக்கும் ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் கிளை. பத்து வருடம் நான்கு மாதம். அதற்கு முன் கோயம்புத்தூரில் ஒரு மில்லின் பரிசோதனைக் கூடத்தில் இருபத்து நான்கு வருடம் இருந்தேன். ஒரு அங்குலத்தில் எத்தனை இழை என்று லென்ஸ் வைத்து எண்ணுகிற வேலை. ஜப்பானிலிருந்து இயந்திரங்கள் வந்தபோது கூடவே பொறியாளர்களும் வந்தார்கள். அவர்களுடன் பேச ஆள் வேண்டுமென்று மில்லே பணம் கட்டி என்னை ஜப்பானிய மொழி படிக்க வைத்தது. தொண்ணூறில் மகள் எங்களை அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டாள். எனக்கு அப்போது ஐம்பது. வீட்டில் சும்மா இருந்தால் கேஸ் மூடியிருக்கிறதா, கதவு பூட்டியிருக்கிறதா என்று நாளுக்குப் பன்னிரண்டு தடவை பார்க்கிறவன் நான். ஜப்பானிய மொழி தெரிந்த ஆள் தேவை என்ற விளம்பரத்தைப் பேப்பரிலிருந்து வெட்டி என் முன்னால் வைத்தவள் என் மனைவி.

என் மேலதிகாரி கிமுரா-சான் என்ற அம்மையார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஜப்பானில் நாடக நடிகர்களுக்குப் பொய்முடி கட்டிவிடும் தொழிலில் இளமையிலேயே சேர்ந்து, பிறகு இந்த நிறுவனத்துக்கு வந்தவர். நேர்முகத்தில் என்னிடம் கேள்வியே கேட்கவில்லை. ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் ஒரு கொத்து முடியை வைத்து, எண்ணச் சொன்னார். நானூற்றுப் பன்னிரண்டு என்றேன். தான் வைத்தது நானூற்றுப் பத்து என்றார். மறுபடி எண்ணினேன், நானூற்றுப் பன்னிரண்டுதான். அவரும் உட்கார்ந்து எண்ணினார். அதில் இரண்டு நரைமுடி. துணியை விரிக்கும்போது அவர் தலையிலிருந்து விழுந்தவை. திங்கட்கிழமை எட்டரைக்கு வாருங்கள் என்றார்.

முதல் மூன்று மாதம் சொற்கள்தான் பாடம். மில்லில் நான் படித்த ஜப்பானிய மொழி தண்டு, பல்சக்கரம், உராய்வு பற்றியது. தலையைப் பற்றி ஒரு சொல்லும் தெரியாது. கிமுரா-சான் ஒரு சொல்லைச் சொல்லுவார். நான் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே என் தலையில் அந்த இடத்தைத் தொடவேண்டும். நெற்றியில் முடி தொடங்கும் கோடு ஹாஎகிவா. காதோர முடி மொமியாகே. பின்கழுத்தில் முடி முடியும் இடம் எரியாஷி, அதாவது கழுத்துப்பட்டையின் கால். உச்சியில் இருக்கும் சுழி ட்சுமுஜி. நரை ஷிராகா. பொருளுக்கும் பல பெயர்கள் உண்டு. தலை முழுவதும் மூடுவது கட்சுரா. பின்னலோடு சேர்த்துக்கட்டுவது கமோஜி, நம் பெண்கள் வைத்துக்கொள்ளும் சவுரியேதான். கொண்டைக்குள் பருமனுக்காகத் திணிப்பது இரேகே. கட்சுராவைத் தெருப் பையன்கள் சுருக்கி ஜூரா என்பார்கள். நம் ஊரில் டோப்பா என்பது போல. அந்தச் சொல்லை ஒரே ஒருமுறை சொல்லி, இது உங்கள் வாயில் வரக்கூடாது என்றார் கிமுரா-சான். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி எண் போட்டு வைத்தேன். மொத்தம் அறுபத்து மூன்று. அறுபத்து மூன்றாவது ஜிகே. நிலத்து முடி என்று அர்த்தம். ஒருவனின் சொந்த முடியை அப்படிச் சொல்கிறார்கள்.

கடையில் மூன்று விதிகள். ஒன்று, வாடிக்கையாளர் முன்னால் இந்தப் பெயர்களில் எதையும் உச்சரிக்கக்கூடாது. "உங்களுடையது" என்று மட்டும் சொல்லலாம். இரண்டு, அவர் தன்னுடையதைக் கழற்றும்போது கண்ணாடிமேல் துணி போட்டிருக்கவேண்டும். சுத்தம் செய்து மறுபடி பொருத்திய பிறகுதான் துணியை எடுக்கலாம். மூன்று, வெளியில் அவரைப் பார்த்தால் நமக்கு அவரைத் தெரியாது. அவராக நம்மைத் தெரிந்தவராகக் காட்டிக்கொண்டால் மட்டும் தெரியும்.

மூன்றாவது விதிக்காக, நான் எங்கே வேலை செய்கிறேன் என்பதையே யாரிடமும் சொன்னதில்லை. ஜப்பானிய மொழிபெயர்ப்பு என்பேன். அது பொய்யில்லை. என் பக்கத்துத் தெருக்காரரும் தினமும் தன் காரில் என்னை ஏற்றிக்கொண்டு போனவருமான நடராஜனிடமும் அதைத்தான் சொல்லியிருந்தேன். அவர் மருந்துக் கம்பெனியில் வேதியியலாளர், பவானிக்காரர். ஐந்து வருடத்தில் ஆயிரத்து நூறு நாட்களுக்குமேல் ஒன்றாகப் பயணம் செய்திருப்போம். பெட்ரோலுக்கு ஒரு டாலர்கூட வாங்கமாட்டார்.

தொண்ணூற்றைந்தில் முரளி வந்தார். பொள்ளாச்சிக்காரர், முப்பத்தொரு வயது, சாஃப்ட்வேர் வேலை. அப்பா இல்லை. இருபத்தாறில் கொட்ட ஆரம்பித்து நெற்றி முழுக்க ஏறிவிட்டது. நடு உச்சியில் மட்டும் மெலிதாக முடி இருந்தது. கடைக்குள் வந்து என்னைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தார். தமிழன் இருப்பான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கிமுரா-சான் என்னைத் தமிழில் பேசச் சொன்னார். "உள்ள வாங்க தம்பி. நான் எண்ணுறதோட சரி, யார்கிட்டயும் பேசமாட்டேன்" என்றேன். சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

அளவெடுப்பதை ஒருமுறை எழுதிவிடுகிறேன், இப்போது அதையும் மெஷினில் செய்வதாகப் பிரியா சொல்கிறாள். கிமுரா-சான் வெந்நீரில் கை கழுவுவார். குளிர்ந்த கை தலையில் பட்டால் வந்தவர் தோளைக் குறுக்கிக்கொள்வார், அளவு மாறிவிடும். தொடுவதற்கு முன் "மன்னிக்கவேண்டும்" என்று ஜப்பானிய மொழியில் சொல்லுவார். சாப்பாட்டை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தலையைச் சுற்றி இழுத்துக் கட்டி, அதன்மேல் கண்ணாடி டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவார். அது காய்ந்த தொப்பிபோல் விறைத்துவிடும். பிறகு அதன்மேல் பேனாவால் எல்லையை வரைவார். நெற்றிக்கோடு எங்கே வரவேண்டும் என்பதற்கு வந்தவரின் நான்கு விரல்களையே புருவத்துக்கு மேல் வைத்துப் பார்க்கச் சொல்லுவார். எல்லோரும் மூன்று விரலிலேயே நிறுத்தப் பார்ப்பார்கள், இருபது வயதுக் கோடு வேண்டுமென்று. கிமுரா-சான் பேசமாட்டார். அவர்களின் நான்காவது விரலை மெதுவாகப் பிடித்து நெற்றியில் வைப்பார். பின்தலையிலிருந்தும் பக்கங்களிலிருந்தும் நான்கு மாதிரி முடி வெட்டி என்னிடம் தருவார். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை, நூறில் எத்தனை நரை என்று எண்ணிப் படிவத்தில் எழுதுவது என் வேலை.

சுழிக் கட்டத்துக்கு வந்தபோது, முரளிக்கு இரண்டு என்று சொன்னேன்.

"தெரியும் அங்கிள். ரெட்டைச் சுழின்னா ரெண்டு கல்யாணம்னு எங்கம்மா கிண்டல் பண்ணுவாங்க. ஒண்ணுக்கே இங்க வழியக் காணோம். ஒண்ணுன்னே எழுதிக்குங்க."

எனக்கு ஒப்பவில்லை. இருப்பதை இருக்கிறபடி எழுதுகிறவன் நான். ஆனாலும் அவர் கேட்டபடி ஒன்று என்று எழுதினேன்.

பொருள் தயாராகி வந்தபின், ஒரே மாதிரி இரண்டாக, பராமரிப்பு விதிகளை நான்தான் வாசித்துக் காட்டினேன். முன்பக்கம் இரட்டை ஒட்டு டேப், பின்பக்கம் மூன்று கிளிப். எட்டாவது விதி, எண்ணெய் சேர்ந்த எதையும் படவிடக்கூடாது, டேப் இளகிவிடும். கழற்றுவதற்கே நாங்கள் எண்ணெய் கலந்த ஒரு திரவத்தைத்தான் கொடுப்போம். எட்டை வாசித்துவிட்டு ஒன்பதுக்குப் போய்விட்டேன். நீச்சல், ஹெல்மெட், வெந்நீர்க் குளம் எல்லாம் படிவத்தில் கேட்டிருக்கிறார்கள். ஜப்பானியர்களுக்கு அதுதான் தெரியும். என் கல்யாணத்தில் என் தலையில் ஏழு பெண்கள் நலுங்கு எண்ணெய் வைத்தார்கள். எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

ஏழு மாதம் கழித்து, தன் மகள் கவிதாவைப் பெண் பார்க்க ஒரு பையன் வருகிறார், பெரியவராக நீங்களும் இருக்கவேண்டும் என்று நடராஜன் கூப்பிட்டார். போனேன். கேசரித் தட்டோடு சோபாவில் உட்கார்ந்திருந்தது முரளி. நடராஜன் என்னை அறிமுகம் செய்தார், "சார் ஜப்பானிய மொழியில புலி." முரளி எழுந்து கைகொடுத்தார். கை ஈரமாக இருந்தது. "அப்படிங்களா" என்றார். நான் வானிலை பற்றிப் பேசினேன். அவர் என்னைத் தெரிந்ததாகக் காட்டவில்லை, அதனால் எனக்கும் அவரைத் தெரியாது. விதி ஒழுங்காக நடந்தது என்று அன்றைக்கு எனக்குத் திருப்திதான். போகும்போது நடராஜன், "ஏனுங், உங்க கண்ணுக்குப் பையன் எப்படி?" என்று கேட்டார். நல்ல பையன் என்றேன். அதில் மாற்றமில்லை, இன்றைக்கும் அதுதான் சொல்லுவேன்.

நிச்சயமாகி, எட்டு மாதம் கழித்து முகூர்த்தம் என்றானது. கவிதாவும் முரளியும் தினமும் போனில் பேசிக்கொண்டார்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை பக்கத்து முடியை வெட்டிச் சீராக்க முரளி கடைக்கு வருவார். கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது வந்தவர், கண்ணாடிமேல் துணி போட்டிருந்த நேரத்தில் என்னைக் கேட்டார்.

"அங்கிள், அவகிட்ட சொல்லிடலாம்னு இருக்கேன். சொல்லட்டுமா?"

கிமுரா-சானாக இருந்தால், நீங்கள் என்ன விரும்புகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டிருப்பார். வாடிக்கையாளர் ஆலோசனை கேட்டால் அதைத்தான் செய்யவேண்டும் என்று எனக்கும் பலமுறை சொல்லியிருக்கிறார். அன்று அவர் அடுத்த அறையில் இருந்தார். நான் எண்ணிக்கையைச் சொன்னேன். அதுவரை நான் பார்த்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரில், கல்யாணம் நிச்சயமான ஆண்கள் முப்பத்து நான்கு. முன்னதாகச் சொன்னவர்கள் பதினொன்று, அதில் நான்கு கல்யாணம் நின்றுபோனது. சொல்லாதவர்கள் இருபத்து மூன்று, ஒன்றும் நிற்கவில்லை.

முரளி கணக்குத் தெரிந்தவர். "மூணுல ஒண்ணுக்கும் மேல" என்றார். பிறகு, "அப்ப வேண்டாங்கறீங்க" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. துணியை எடுத்தேன், அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, வாடகைக்கு எடுத்த ஹாலில் நடராஜன் வீட்டார் கூடியிருந்தார்கள். அறுபத்து மூன்று பேர். முரளி பக்கத்தில் அண்ணன் மட்டும் வந்திருந்தார். அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. பெண்கள் யாரும் இல்லாததால் நலுங்கு இருக்காது என்று முரளி நினைத்திருக்கவேண்டும். நடராஜனின் அக்கா சரஸ்வதியம்மாள் பவானியிலிருந்து வந்திருந்தார். எழுபது வயது, முதல் விமானப் பயணம். "தாய் வரமுடியாத புள்ளைக்கு நான் வெக்கிறேன்" என்று சொல்லி, தானே காய்ச்சிக் கொண்டுவந்த எண்ணெயை வெள்ளிக் கிண்ணத்தில் ஊற்றி எடுத்துவந்தார். அறுகம்புல் கிடைக்காமல் யார் வீட்டுப் புல்தரையிலிருந்தோ நான்கு புல் பறித்து முடிந்திருந்தார்கள்.

முரளியைப் பலகையில் உட்காரவைத்தார்கள். அம்மையார் புல்லை எண்ணெயில் தொட்டுப் பாதத்தில் வைத்தார், முழங்காலில் வைத்தார், தோளில் வைத்தார். தலைக்குக் கொண்டுபோனபோது முரளி ஒதுங்கினார்.

"தலையில வேண்டாங்க."

கவிதாவின் தோழிகள் சிரித்தார்கள். ஸ்டைல் கலைஞ்சிடும்னு பயம் என்றாள் ஒருத்தி. அம்மையாரும் சிரித்துக்கொண்டே மறுபடி கையைக் கொண்டுபோனார். முரளி மறுபடி ஒதுங்கினார். மூன்றாவது முறை தன் கையால் அவர் கையைத் தடுத்தார். சிரிப்பு நின்றது.

"ஏஞ்சாமி, எங் கை எண்ணெய் ஆகாதுங்களா?" என்றார் அம்மையார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த ஹாலில் அப்போது காரணம் தெரிந்தவர்கள் முரளியும் நானும், இரண்டே பேர்; அண்ணன் வெளியே போயிருந்தார். நடராஜன் என்னிடம் வந்தார். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங் சார். அக்கா மூஞ்சியப் பாருங்." எழுந்து போனேன். பதினான்கு தப்படி. டாக்டர் எண்ணெய் வேண்டாமென்று சொல்லியிருக்கிறாராம், தலையில் அலர்ஜியாம் என்று ஒரே ஒரு பொய் போதும். அது எனக்கு மறுநாள்தான் தோன்றியது. அந்தப் பதினான்கு தப்படியிலும் எனக்குள் இருந்தது ஒன்றுதான், எனக்கு இவரைத் தெரியாது, தெரியாதவன் இந்த இடத்தில் என்ன சொல்லுவான் என்பது. அதைச் சொன்னேன்.

"ஒரு சொட்டுத்தானுங் தம்பி. வெச்சுக்குங்க."

முரளி நிமிர்ந்து பார்த்தார். குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார். "சொல்லிட்டீங்களா அங்கிள்? எல்லாருக்கும் தெரியுமா?"

நான் சொல்லிவிட்டேன், இவர்கள் எண்ணெயை வைத்துச் சோதிக்கிறார்கள் என்று அவர் நினைத்துவிட்டார். அவர் என்னைத் தெரிந்தவராகக் காட்டிய பிறகு எனக்கும் அவரைத் தெரியவேண்டும், விதியே அப்படித்தான் இருக்கிறது. நான் "என்னதுங்க?" என்றேன்.

அவர் எழுந்து மணமகன் அறைக்குப் போனார். ஆறு நிமிடத்தில் வந்தார். தலையில் ஒன்றும் இல்லை. டேப் ஒட்டியிருந்த இடம் நெற்றியில் சிவந்து பட்டையாகத் தெரிந்தது. தன்னுடையதைக் கையில் கொண்டுவந்து, மஞ்சளும் வெற்றிலையும் இருந்த தாம்பாளத்தின் ஓரத்தில் வைத்துவிட்டுப் பலகையில் உட்கார்ந்தார்.

"இப்ப வைங்க அத்தை."

சரஸ்வதியம்மாள் மறுபடி கிண்ணத்தை எடுத்தார். புல்லைத் தொட்டு வைத்தார், உச்சியில் மூன்று தரம். "இதுக்கா இந்தப் பாடு? மொதல்லயே சொல்லியிருந்தீன்னா கரிசலாங்கண்ணி போட்டுக் காச்சியிருப்பேனே கண்ணு" என்றார். அந்த ஹாலில் அன்று அந்தப் பையனிடம் பேசவேண்டியபடி பேசியது அவர் ஒருவர்தான்.

நடராஜன் என்னைப் பார்த்தார். "சார், உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

கவிதா உள் அறையிலிருந்து வந்தாள். அவள் தலையைப் பார்த்ததைவிட முகத்தைத்தான் அதிகம் பார்த்தாள். எட்டு மாதமாக ஒருநாள் விடாமல் பேசியிருக்கிறோமே, ஏன் சொல்லவில்லை என்று இங்கிலீஷில் கேட்டாள். சொல்ல நினைத்தேன், சொல்லலாமா என்று ஒருவரிடம் கேட்கவும் கேட்டேன் என்றார் முரளி.

"யார்கிட்ட கேட்டீங்க?"

எண்ணெய் அவர் நெற்றியில் வழிந்துகொண்டிருந்தது. அவர் துடைக்கவில்லை. என்னைப் பார்த்தார். மூன்று நொடி இருக்கும். அந்த மூன்று நொடியில் நான் வாயைத் திறந்து, என்னிடம்தான் அம்மா கேட்டார், நான்தான் கணக்குச் சொல்லி நிறுத்தினேன் என்று சொல்லியிருக்கலாம். மூன்று வாக்கியம்கூட இல்லை. அவர் சொல்வது உண்மை என்று அவளுக்குக் காட்ட இருந்த ஒரே சாட்சி நான். நான் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்பது வெற்றிலை இருந்தது.

"ஒருத்தர்கிட்ட" என்றார் முரளி.

அவள் அதை நம்பவில்லை. மாட்டிக்கொண்டபின் சொல்லும் கதை என்று எடுத்துக்கொண்டாள். கல்யாணம் நின்றது. முடி இல்லாததற்காக அவள் நிறுத்தவில்லை. அதை அவளே அம்மாவிடம் சொல்லி அழுதாளாம்.

திங்கட்கிழமை கிமுரா-சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விதியைக் கடைசிவரை காப்பாற்றினேன் என்றுதான் சொன்னேன். நல்லது என்பார் என்ற எதிர்பார்ப்பு எனக்கு இருந்தது, அதை மறைத்துப் பயனில்லை. அவர் கோபம் வந்தால் கையிலிருக்கும் சீப்பை மேசைமேல் குறுக்காக வைப்பார். வைத்தார். முதலில் எண்ணிக்கையைப் பற்றிக் கேட்டார்.

"சொல்லாத இருபத்து மூன்று பேரின் வீட்டுக்குள் போய்ப் பார்த்தீர்களா?"

இல்லை என்றேன்.

"அவர் அதைத் தன் கையால் கழற்றித் தட்டில் வைத்தார். அதற்குப் பிறகு நீங்கள் எதைக் காப்பாற்றினீர்கள்?"

அவர் எழுந்து போய் ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்துவந்து, இருபத்தாறாவது கட்டத்துக்குக் கீழே ஸ்கேல் வைத்து இன்னொரு கட்டம் போட்டார். அபுரா, எண்ணெய், என்று எழுதினார். அதன்கீழ் என்ன கேட்கவேண்டும் என்று என்னையே எழுதச் சொன்னார். அடுத்த ஒரு வருடத்தில் உங்கள் தலையில் எண்ணெய் வைக்கும் சடங்கு ஏதாவது உண்டா என்று எழுதினேன். அந்தப் படிவத்தைத்தான் பிறகு அச்சடித்தார்கள், கட்டத்தில் தலைப்பு மட்டும்; கேள்வியை நான் வாயால் கேட்பேன். கிமுரா-சான் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. மூன்று வருடம் கழித்து ஊர் திரும்பும்போதும் பேசவில்லை.

அடுத்து வந்த ஐந்து வருடத்தில் அந்தக் கேள்வியை எழுபத்தாறு பேரிடம் கேட்டேன். பத்தொன்பது பேர் ஆமாம் என்றார்கள். அவர்களுக்கு எண்ணெய் தாங்கும் வேறு ஒட்டு கொடுத்தோம். முரளி மறுபடி வரவில்லை. அவருடைய இரண்டாவது முடி ஒரு வருடம் எங்கள் அலமாரியில் மரத்தலைமேல் இருந்தது. மாதம் ஒருமுறை தூசி தட்டிச் சீவி வைத்தேன். வருடம் முடிந்ததும் விதிப்படி அழித்தார்கள்.

நடராஜனிடம் சொல்ல எனக்கு முப்பத்தேழு நாள் ஆயிற்று. காரில் போகும்போது சொன்னேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்திக் கேட்டார். சொல்லி முடித்தபோது, "அன்னிக்கு இது மூணு நிமிஷ வேலைங் சார்" என்றார். அதற்குள் கவிதா கலிபோர்னியாவில் சான் ரமோனுக்கு வேலை மாற்றிக்கொண்டு போயிருந்தாள். முரளி இருந்த அபார்ட்மெண்டைக் காலி செய்திருந்தார், எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. நடராஜன் என்னை அன்று வேலையிடத்தில் இறக்கிவிட்டார். மறுநாள் முதல் நான் பஸ்ஸில் போனேன். பத்தொன்பது நிறுத்தம்.

இந்த ஜூனில் ஓய்வு பெற்றேன். ஜூலையில் டெக்சாஸில் இருக்கும் இளைய மகள் வீட்டுக்குப் போனோம். ஃபிரிஸ்கோவில் புது வீடு வாங்கியிருக்கிறாள், சுற்றிலும் எல்லாமே புது வீடு, மரம் ஒன்றுகூட என் இடுப்புக்குமேல் வளரவில்லை. ஒரு சனிக்கிழமை மளிகைக்காக இருபத்திரண்டு நிமிடம் கார் ஓட்டி இந்தியன் கடைக்கு அழைத்துப் போனாள். பருப்பு வரிசையில் நின்றிருந்தேன். எதிரே ஒருவர் வந்தார், தலையை ஒட்ட மழித்திருந்தார். இரண்டு வயதுப் பெண் குழந்தை அவர் தோள்மேல் உட்கார்ந்து அந்தத் தலையில் இரண்டு கையாலும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பெண் பட்டியலைப் பார்த்தபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அது கவிதா இல்லை.

முரளி என்னைப் பார்த்தார். நின்றார். இத்தனை வருடம் மனதில் திருத்தித் திருத்தி வைத்திருந்த மூன்று வாக்கியங்களும் எனக்குத் தயாராக இருந்தன. நான் கையை உயர்த்தினேன். அவர் பார்வை என்மேல் நிற்காமல், அவசரமும் இல்லாமல், என் பின்னாலிருந்த அரிசி மூட்டைகளுக்குப் போனது. எங்கள் கடையில் சேருகிறவர்களுக்கு இந்தப் பார்வையைப் பழக்கவே இரண்டு வாரம் ஆகும்.

"யாருங்க அவரு, உங்களுக்குக் கையாட்டறாரு?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"தெரியலையே" என்றார்.

என்னைக் கடந்து போனார்கள். குழந்தை தாளத்தை நிறுத்திவிட்டு அலமாரியிலிருந்த எதையோ எட்டிப் பிடிக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து கையை நீட்டியது. பின்னாலிருந்து அவர் உச்சி முழுவதும் தெரிந்தது. சுழி இரண்டு. படிவத்தில் நான் ஒன்று என்றுதான் எழுதியிருக்கிறேன்.